அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்

காலை உணவு என்பது அரசாணைகளிலும் பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களிலும் வருகிற சொல். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. திருச்சியில் நாலு தெரு தாண்டினால் அந்த வேளைக்குப் பெயரே மாறிவிடும். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளில் அது பலகாரம், அடுத்த தலைமுறைக்கு டிபன். நத்தர்வலி தர்காவைச் சுற்றியுள்ள முஸ்லிம் வீடுகளில் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், காலையில் சாப்பிட்டாயிற்றா என்று பொருள். லால்குடி, மணச்சநல்லூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கு அது பழையதும் நீராகாரமும். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு சாதி இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. ஆனால் இந்த எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொல்பவர் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருப்பார்: "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்."

கல்லூரியில் காலை முதல் பாடவேளை எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: பத்து மணி வாக்கில் தலைகள் சாயத் தொடங்கும். "மயக்கமா வருது மேம்" என்று யாராவது ஒருத்தி எழுந்து நிற்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில்கள் வரிசையாக வரும். பஸ் போயிடும். அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிட்டாங்க. தம்பிக்குக் கட்டிக் குடுத்துட்டு வர்றதுக்கே நேரம் ஆயிடுச்சு. பசிக்கலை. வெயிட் போடுது. சொல்லிவிட்டு, தப்புச் செய்து பிடிபட்டவளைப் போல ஒரு சிரிப்பு. அறிவிப்புப் பலகையில் 'காலை உணவைத் தவிர்க்காதீர்கள்' என்ற சுவரொட்டி தொங்கும். தவிர்ப்பது என்றால் எதிரே ஒன்று இருக்க வேண்டும். அதை வேண்டாமென்று ஒதுக்க வேண்டும். இந்தப் பெண்களில் பலருக்கு எதிரே ஒன்றும் இருந்ததில்லை. இருந்தவர்களுக்கும் உட்கார நேரம் இருந்ததில்லை. நேரம் கிடைத்தவர்களுக்கோ, பசித்தவுடன் சாப்பிடுவது ஒரு பெண்ணுக்கு அழகில்லை என்ற பாடம் முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே இதை ஒரு தலைமுறையின் கெட்ட பழக்கமாகப் பார்க்காமல் வரலாறாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

*

பெண்ணின் ஒழுக்கத்தை அவள் தட்டில் இருப்பதைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீப்பாய நிற்கும் அவரைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலில், கைம்பெண் உண்ண வேண்டிய உணவின் பட்டியல் வருகிறது: நெய் படாமல், நீரிலிருந்து கையால் பிழிந்தெடுத்த சோறு, வெள்ளை எள் துவையல், புளிவிட்டு வேகவைத்த வேளைக்கீரை. இதை உண்டு பாயில்லாமல் கல்லில் படுப்பதைவிடத் தீ மேல் என்கிறார் அந்த அரசி. இந்தப் பாடலைக் கற்பு என்ற தலைப்பின் கீழ்த்தான் வகுப்புகளில் நடத்திவருகிறோம். உணவைப் பற்றிய பாடலாக வாசித்தால் இன்னொன்று தெரியும். வயலில் உழைப்பவருக்குப் பசி தீர்க்கும் அதே நீர்ச்சோறு, கணவனை இழந்தவளுக்குத் தண்டனையாகப் போய்ச் சேர்கிறது. உணவு ஒன்றுதான், யார், ஏன் உண்கிறார் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இந்தத் தண்டனை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அக்ரகாரத்துக் கைம்பெண்களுக்கு ஒரு வேளைச் சோறுதான் விதி. ஏகாதசியன்று அதுவும் கிடையாது. விடியுமுன் காவிரியில் முழுகி, ஈர நார்மடியோடு வந்து, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் மடியாகச் சமைத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். பள்ளிக்கும் கச்சேரிக்கும் போகிறவர்களின் காலைச் சாப்பாடு, காலையில் சாப்பிட உரிமையில்லாத ஒருத்தியின் கையால் வந்தது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த குழந்தை விதவைகளைப் படிக்க வைப்பதற்காகத்தான், தானும் குழந்தை விதவையாக இருந்து பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, 1912இல் சென்னையில் விடுதியொன்றைத் தொடங்கினார். பெண் கல்வி வரலாற்றில் அதை ஒரு பள்ளிக்கூடக் கதையாகச் சொல்கிறோம். பட்டினியை விதியாகக் கொண்ட சிறுமிகளை வேளாவேளைக்கு இலை போட்டு உட்காரவைத்த கதையும் அதற்குள் இருக்கிறது.

இந்த ஊரின் தெய்வங்களைப் பார்த்தாலும் இதே பாகுபாடு தெரியும். ஸ்ரீரங்கம் அரங்கநாதருக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். துலுக்க நாச்சியார் நினைவாக வந்த வழக்கம் அது. டில்லி சுல்தானின் மகள் என்று கோயில் மரபு சொல்லும் அந்தப் பெண் தன் வீட்டு உணவைப் பெருமாளின் காலை வேளைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அழகான கதை. கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் சமயபுரம். அரங்கநாதரின் தங்கை என்று ஊரார் சொல்கிற, தைப்பூசத்துக்கு அண்ணன் வீட்டுச் சீர் வாங்குகிற மாரியம்மன், மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்நாட்களில் அவளுக்குத் தளிகை இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். பொதுவாகப் பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பார்கள். இங்கே தெய்வமே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறது என்று ஊர் பெருமையோடு சொல்லும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அண்ணன் காலையில் சாப்பிடுகிறான், தங்கை குடும்பத்துக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்பது நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்தடைந்ததாகச் சொல்லப்படும் ஆண்டாள் இதில் வேறு வழி காட்டியிருக்கிறாள். திருப்பாவையின் தொடக்கத்தில் நெய்யும் பாலும் வேண்டாமென்று ஒதுக்கும் பெண்கள், 27ஆம் பாசுரத்தில் பால்சோற்றை நெய் முழங்கையில் வழியச் சேர்ந்து உட்கார்ந்து உண்கிறார்கள். அவளுடைய நோன்பு பெண்கள் கூடிச் சாப்பிடுவதில் போய் முடிகிறது. கூடாரவல்லியன்று வீடு வீடாக அக்காரவடிசில் கிண்டுகிறோம். கிண்டியவள் கடைசியில்தான் உட்காருகிறாள்.

*

காலை எட்டு மணிக்கு ஒரு வேளை உணவு என்ற ஏற்பாடு கடிகாரத்தோடு வந்தது. வயலுக்குப் போனவர்கள் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். வசதியுள்ள வீடுகளில் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு வேளைச் சோறு. கச்சேரியும் பள்ளிக்கூடமும் பத்து மணிக்குத் திறந்தபோது, ஒன்பதரைக்குள் முழுச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பும் வழக்கம் வந்தது. நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்தது. அந்த மாற்றத்தின் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். திருச்சி ரயில்வே ஊர். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருந்தது. 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனையும் பொன்மலைக்கு வந்துசேர்ந்தது. ஷிப்டு நேரம் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்தது. ஆண்கள் எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டுமானால் பெண்கள் ஐந்து மணிக்கு அடுப்படியில் இருக்க வேண்டும். ஆண் தொழிலாளிக்கு வேலை நேரம் என்று ஒன்று சட்டத்தில் வந்தது. ஐந்து மணி அடுப்புக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

மாணவரின் காலை உணவு அரசியலானது இதே காலத்தில்தான். திருச்சி வரகனேரியில் பிறந்த வ. வே. சு. ஐயர், 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி, மற்றவர்களுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வழியாக வெளியே வந்தது. ஒரு பந்திக்கு உப்புமா, இன்னொரு பந்திக்குப் பழையது என்பதுதான் திராவிட இயக்கம் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த வடிவம். பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறிய 1925ஆம் ஆண்டின் பெரிய சண்டைகளில் இதுவும் ஒன்று. பழையது கெட்ட உணவு என்று அன்று யாரும் சண்டை போடவில்லை. பக்கத்துப் பந்தியில் வேறொன்று பரிமாறப்படும்போது அது அவமானமாகிறது என்பதுதான் வழக்கு. இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழையசோற்றின் நன்மைகளை ஆய்கிறார்கள். பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். அது யார்மீது சுமத்தப்பட்ட உணவு என்பதையும் மறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஆண்பிள்ளைகளின் பந்தி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1950களின் தொடக்கத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், மூன்றாம் ஆண்டில் விடுதியின் சைவ மெஸ்ஸுக்குச் செயலராக இருந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். ராமேசுவரத்து முஸ்லிம் வீட்டுப் பையன் சைவப் பந்திக்குப் பொறுப்பாளர். குருகுலச் சண்டை நடந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் குருகுலப் பந்தியானாலும் கல்லூரிப் பந்தியானாலும், உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்பிள்ளைகள்தான்.

பெண்களுக்கான பந்தி இந்த ஊரில் 1923இல் ஹோலி கிராஸ் கல்லூரியோடும், 1951இல் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியோடும் வந்தது. 1984இல் இந்திரா காந்தி கல்லூரியும் காவேரி மகளிர் கல்லூரியும் சேர்ந்துகொண்டன. பெண் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வகுப்பறையையும் நூலகத்தையும் எழுதுவார்கள்; மெஸ்ஸை எழுத மாட்டார்கள். தான் சமைக்காத உணவை, மணியடித்தவுடன் போய் உட்கார்ந்து, சூடாக, யாருக்கும் பரிமாறாமல் ஒரு பெண் சாப்பிட்ட முதல் இடம் பலருக்கும் கல்லூரி விடுதிதான். பக்கத்தில் இருப்பவள் என்ன சாதி என்று தெரியாமல், தெரிந்தாலும் எழுந்து போக வழியில்லாமல் சாப்பிட்ட முதல் இடமும் அதுதான். தண்ணிச் சாம்பாரையும் கல்லு இட்லியையும் கேலி செய்யாத விடுதி மாணவி எந்தத் தலைமுறையிலும் கிடையாது. ஆனால் அந்தக் கேலி ஓர் உரிமையின் அடையாளம். வீட்டில் சமைத்தவள் தன் சமையலைக் குறை சொல்லிச் சாப்பிடாமல் எழுந்துவிட முடியாது.

*

பள்ளிப் பிள்ளைகளின் பசியை அரசு தன் பொறுப்பாக ஏற்ற கதை தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். முதலில் கிராமப்புறத்துச் சிறு குழந்தைகளுக்கு, செப்டம்பரில் நகரங்களுக்கு, 1984இல் 10 முதல் 15 வயதுள்ளவர்களுக்கு என்று அது விரிந்தது. அமைப்பாளர், சமையலர், ஆயா என அதில் வேலைக்கு வந்தவர்களில் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. நூற்றாண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் சமைத்தவர்களுக்கு முதல்முறையாகச் சமையல் அரசு வேலையாயிற்று. ஆனாலும் தொகுப்பூதியம்தான், இன்றுவரை அதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. குருகுலத்தில் சிலருக்கு மட்டும் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட உப்புமா ஒரே பந்தியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க நூறாண்டு ஆகியிருக்கிறது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். விடிகிற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்து அடுப்பு பற்றவைக்கும் அவர்களிடம் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் நமக்குத் தெரிந்ததுதான்.

இந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு. அதற்குமேல் பிள்ளைக்குப் பசிக்காது என்பது கணக்கா? பாப்பாக்குறிச்சியில் சத்துணவு தொடங்கிய அதே 1982இல்தான் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தொடங்கியது. சத்துணவு சாப்பிட்டுப் படித்த பிள்ளைகள் வளர்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளை நிரப்பினார்கள். குடும்பத்திலிருந்து முதன்முதலில் கல்லூரிக்கு வந்த பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர். தட்டு மட்டும் அவர்களோடு வரவில்லை.

உதவிகள் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 1938இல் உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் பெரும்படையில் நடந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்த திட்டம் அது. 2021இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை இரண்டும் எத்தனை பெண்களைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்கிறவள் நான். அந்த ஆயிரத்தில் அலைபேசிக் கட்டணம், நகலெடுக்கும் செலவு, தேர்வுக் கட்டணம், சில வீடுகளில் அம்மாவின் குழுக்கடன் தவணை எல்லாம் போகின்றன. சாப்பாட்டுக்கென்று அதில் ஒதுக்கீடு கிடையாது. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகளின் விடுதிகளில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கான உணவுப் படி, 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பொங்கலும் வடையும் என்ன விலை என்று தெரிந்தவர்கள் மிச்சக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

*

உடம்பு இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறத்தாழ இரண்டில் ஒருத்தி. தலைசுற்றல், மூச்சு வாங்குதல், கவனம் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல், அழுகை. இவற்றை 'சோம்பேறி', 'மூடி டைப்' என்று குணத்தின் பெயரால் எழுதிவிடுகிறோம். வெறும் வயிற்றுக்கு டீயோ காப்பியோ பசியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். உணவோடு சேர்த்துக் குடித்தால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதையும் குறைக்கும். அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

உடம்பை மெலிவாக வைத்துக்கொள்ளும் ஆசையும் இதில் சேர்ந்திருக்கிறது. 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்று ஒரு மாணவி சொல்லும்போது, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் ஏகாதசி எனக்கு நினைவுக்கு வருகிறது. பாட்டி புண்ணியத்துக்காகக் கிடந்தாள், பேத்தி இடுப்பளவுக்காகக் கிடக்கிறாள். இருவருக்கும் பசி ஒன்றுதான். குறைவாகச் சாப்பிட்டால் நல்ல பெண் என்று கைதட்டும் கூட்டமும் அதேதான். தானே விரும்பி இருக்கும் விரதத்தை நான் குறை சொல்லவில்லை. விருப்பம் என்று சொல்ல, எதிரே ஒரு நிறைந்த தட்டும் அதைச் சாப்பிட அரைமணி நேரமும் முதலில் இருக்க வேண்டும்.

அந்த அரைமணி நேரம்தான் விஷயம். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம் என்றது; ஆண்கள் 97 நிமிடம். கல்லூரிக்குப் போகும் மகளின் காலை, அம்மாவின் அந்த 299 நிமிடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வருவது. அம்மா தேயும்போது மகள் அந்த இடத்தில் நிற்கிறாள்; தம்பி இட்லியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறான்.

ஆகவே சுவரொட்டியை எடுத்துவிட்டு வேறு சிலவற்றைச் செய்யலாம். காலை உணவுத் திட்டத்தை அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு நீட்டிக்கலாம். சமைப்பவர்களுக்கு முறையான ஊதியம் தந்து, அவர்களுக்கும் முதல் தட்டை வைக்கலாம். அதுவரைக்கும், முதல் பேருந்தில் வருகிறவர்களுக்காகக் கல்லூரி உணவகத்தை எட்டு மணிக்கே திறந்து, விடுதி மெஸ்ஸின் விலைக்கு இட்லி கொடுக்கலாம். முதல் பாடவேளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கால் மணி நேரம் விடலாம். வகுப்பில் டப்பாவைத் திறந்தவளை வெளியே அனுப்பாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் அரசாணைகூட வேண்டியதில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதற்கு அரசாணையால் பயனில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் அதே 1,000 ரூபாய் வருகிறது, வரவேற்கிறேன். அக்காவுக்கும் தம்பிக்கும் இப்போது தொகை ஒன்று, பேருந்து நேரம் ஒன்று, முதல் பாடவேளை ஒன்று. காலை ஐந்து மணி மட்டும் இன்னும் அக்காவுக்கே வருகிறது. உப்புமா கிளறப் பதினைந்து நிமிடம் போதும். தம்பியும் கிளறலாம், அப்பாவும் கிளறலாம். அன்றைக்கு அம்மா, "நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பார். வேண்டாம், இப்போதே உட்காருங்கள் என்று மகள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தானும் உட்கார வேண்டும்.